முதல் பதில் போடுகிறவர் எங்கே இருக்கிறார்?

கேள்வி: நானும் என் நண்பரும் ஏழு வருடமாக ஓர் ஓவிய, குறுங்கதைக் குழுவை நடத்துகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சொல் கொடுப்போம். ஞாயிறு இரவுக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படமோ, இருநூறு வார்த்தைக்குள் ஒரு கதையோ உறுப்பினர்கள் போடுவார்கள். பெரிய தளம் ஒன்றில்தான் குழு இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை 2,300 என்று காட்டுகிறது, ஆனால் இப்போது ஒரு படத்துக்கு நாலு லைக் வந்தாலே அதிசயம். போட்டது சொந்தக் குழுவின் ஆட்கள் கண்ணிலேயே படுவதில்லை. படங்களை எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற பயம் வேறு. இரண்டு முறை மாற்றுத் தளங்களுக்குப் போய்ப் பார்த்தோம். அறுபது பேர் கூட வந்தார்கள், ஒரே மாதத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். 'பழைய குழுவை மூடிவிட்டால் வேறு வழியில்லாமல் எல்லாரும் வந்துவிடுவார்கள்' என்கிறார் நண்பர். எந்தத் தளத்துக்குப் போவது? பழையதை மூடலாமா?

பதில்: உங்கள் நண்பரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இணையக் குழுக்களை அமைத்துக் கொடுப்பதும் நடத்திக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு புகைப்படக் குழுவுக்கு உங்களுடையதைப் போலவே பிரச்சினை. 'இன்ன தேதியோடு இந்தக் குழு மூடப்படும், எல்லாரும் புதிய தளத்துக்கு வந்துவிடுங்கள்' என்று அறிவித்தோம். பத்து நாள் விடாமல் நினைவூட்டினோம். இருநூறு பேரில் எழுபது பேர் கணக்குத் தொடங்கினார்கள். முதல் வாரம் ஒரே கலகலப்பு. இரண்டாவது மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர் மிச்சம், அதில் இரண்டு பேர் நானும் அட்மினும். சரி, பழைய இடத்துக்கே திரும்பலாம் என்றால், அதைத்தான் எங்கள் கையாலேயே பூட்டியிருந்தோமே.

அப்போது தளத்தைத் திட்டினேன். ஆப் மெதுவாக இருக்கிறது, நோட்டிஃபிகேஷன் வருவதில்லை என்று ஏதேதோ காரணம். பிறகு ஒருநாள் பழைய குழுவின் பதிவுகளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் குழுவில் ஓர் அக்கா இருந்தார். நாலு வருடத்தில் அவர் போட்ட படங்கள் பத்துகூடத் தேறாது. ஆனால் யாராவது புதியவர் முதல் படத்தைப் போட்டால், பெரும்பாலும் அரை மணிக்குள் கீழே அவருடைய இரண்டு வரி இருக்கும். 'சூப்பர்' என்று எழுத மாட்டார். 'இடது மூலையில் அந்த வெளிச்சம் தானாக வந்ததா, காத்திருந்து எடுத்தீர்களா?' என்று கேட்பார். போட்டவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதைப் பார்த்து மூன்றாவது ஆள் நுழைவார். பேச்சு தொடங்கிவிடும். அவர் புதிய தளத்துக்கு வரவே இல்லை. கணக்குத் தொடங்கும்போது ஏதோ ஓர் இடத்தில் சிக்கி விட்டுவிட்டாராம். நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் கவனமெல்லாம் குழுவின் நட்சத்திரங்கள் மேல் இருந்தது, அவர்கள் வந்தால் கூட்டம் வரும் என்று. நட்சத்திரங்கள் வந்தார்கள், படம் போட்டார்கள், பதில் இல்லை, போய்விட்டார்கள்.

அதனால் தளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை. கடந்த மூன்று மாதப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கதைக்கும் முதலில் பதில் எழுதியவர் யார், எத்தனை மணி நேரத்தில் என்று ஒரு தாளில் குறியுங்கள். 2,300 பேர் குழுவில் அப்படி எட்டுப் பேர் கிடைத்தால் பெரிது. அந்த எட்டுப் பேர்தான் உங்கள் குழு. பொது அறிவிப்பு வேண்டாம், தனித்தனியாகப் பேசுங்கள். 'வேறு இடம் பார்க்கலாமா? எங்கே உங்களுக்கு வசதி?' என்று கேளுங்கள். கணக்குத் தொடங்கும்போது தேவைப்பட்டால் போனில் கூடவே இருங்கள். அவர்களோடு படம் போடுகிறவர்கள் பத்துப் பேர், கதை எழுதுகிறவர்கள் ஐந்து பேர் சேர்த்தால் போதும். இருபத்து மூன்று பேர், ஆறு வாரம், ஆறு சொல். முயற்சி அவ்வளவுதான்.

இந்த ஆறு வாரமும் ஒரே படைப்பை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட விடாதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு இது. நீங்கள் இரண்டு முறை போய்த் திரும்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் படம் இருந்தால், கை பழகிய இடத்தில்தான் பதில் எழுதும். வெள்ளி முதல் ஞாயிறு வரை புதிய இடத்தில் மட்டும் நடக்கட்டும். திங்கட்கிழமை அந்த வாரத்தில் நன்றாக வந்த நாலைந்தை, போட்டவர் சம்மதத்தோடு, பழைய குழுவில் போட்டு 'மீதி அங்கே' என்று இணைப்புக் கொடுங்கள். பழையது கடைத்தெருப் பக்கம் இருக்கும் ஜன்னலாக இருந்துவிட்டுப் போகட்டும், மூட வேண்டியதில்லை.

சரி, தளங்கள். எது சிறந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. உங்கள் வெள்ளிக்கிழமைச் சொல் எங்கே ஓடும் என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

மாஸ்டடான் 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ தொடங்கியது. ஒரே கம்பெனியின் தளமாக இல்லாமல், ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு. ஓவியர்களுக்கென்றே நடக்கும் சர்வர்களும் உண்டு. விளம்பரம் கிடையாது, போட்டது போட்ட வரிசையில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? உங்கள் குழு மாட்டிக்கொள்ளப் போகிற இடத்தைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை 'கதவு' என்று சொல் கொடுத்து, எல்லாரும் ஒரே ஹேஷ்டேகில் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பெரிய சர்வரில் இருக்கிறார், ஹேஷ்டேகைத் தட்டினால் பத்தொன்பது படம் வருகிறது. இன்னொருவர் யாரோ நண்பர் நடத்தும் சின்ன சர்வரில் இருக்கிறார், அவருக்கு ஆறு படம்தான் தெரிகிறது. ஒரு சர்வருக்கு எந்தெந்தப் பதிவுகள் வந்து சேர்ந்திருக்கின்றனவோ அவற்றை மட்டும்தான் அது காட்டும். இது தெரியாமல் 'ஏன் என் படத்தை யாரும் பார்க்கவில்லை' என்று மனஸ்தாபமே வந்திருக்கிறது. சரிசெய்ய வழி இருக்கிறது. எல்லாரும் ஒரே சர்வரில் சேருங்கள். முடியாவிட்டால் குழுவுக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்து, எல்லாரும் அதைப் பின்தொடர, அது ஒவ்வொரு படைப்பையும் மறுபகிர்வு செய்யட்டும்.

சர்வர் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். ஆனால் போட்ட படங்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். வீடு மாறும்போது ஆட்கள் வந்து சாமான் வராத கதை. அந்தச் சர்வரை நடத்துகிறவர் களைத்துப்போய் மூடிவிட்டால் அதுவும் போச்சு. 'நாமே ஒரு சர்வர் தொடங்கலாமே' என்று உங்கள் நண்பர் அடுத்துச் சொல்வார், எனக்குத் தெரியும். வேண்டாம். வாராவாரம் ஒரு நல்ல சொல்லைத் தேடுகிறவர்களுக்கு, நடுராத்திரியில் சேமிப்பு நிரம்பி நின்றுபோன சர்வரைத் தட்டி எழுப்புகிற வேலை எதற்கு?

மாஸ்டடானில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. படம் போட்டால், பார்வையற்றவர்களுக்காக அதைச் சொற்களில் விவரித்து எழுத வேண்டும் என்று அங்கே எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஓவியர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு குழுவில் கதை எழுதுகிறவர்கள் ஓவியர்களுக்கு விவரணை எழுதித்தர ஆரம்பித்தார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் லைக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள், படத்தில் அந்தப் பெண் சிரிக்கிறாளா இல்லையா என்று சண்டை போடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். உங்கள் குழுவில் இரண்டு கையும் இருக்கின்றன. எந்தத் தளத்துக்குப் போனாலும் இதைச் செய்து பாருங்கள்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) போலக் குறும்பதிவுகள் போடுகிற புளூஸ்கை 2024 பிப்ரவரியில்தான் அழைப்பில்லாமல் எல்லாருக்கும் திறந்தது. பழகுவதற்கு எளிது. உங்களுக்கு அதில் பயன்படக்கூடியது தனி ஃபீட், அதாவது பதிவுகள் வரிசையாக வந்து விழும் பக்கம். உங்கள் ஹேஷ்டேக் போட்ட பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டுகிற ஃபீடை நீங்களே அமைத்து, உறுப்பினர்களை அதில் சேரச் சொல்லலாம். யார் கண்ணில் எது படும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிற தலைவலி அந்த ஃபீடுக்குள் இல்லை. குறை என்னவென்றால் கணக்கைப் பூட்டிவைக்கிற வசதி கிடையாது, எல்லாம் பொதுவெளி. அரைகுறை ஓவியத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அங்கே வாயைத் திறக்க மாட்டார்கள்.

எழுத்துக் கணக்கையும் பார்த்துவிடுங்கள், தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. எக்ஸ் தளத்தில் 'தமிழ்' என்று எழுதினால் ஐந்து எழுத்தாகக் கணக்கிடும், கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். புளூஸ்கையில் மூன்றுதான், நாம் பள்ளியில் எண்ணியது போலவே. ஆனால் அங்கே ஒரு பதிவுக்கு 300, மாஸ்டடானில் வழக்கமாக 500. உங்கள் இருநூறு வார்த்தைக் கதை இரண்டிலும் அடங்காது. துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் யாரும் கடைசித் துண்டு வரை வருவதில்லை. உங்கள் முந்தைய முயற்சிகளில் கதைக்காரர்கள்தான் முதலில் காணாமல் போயிருப்பார்கள் என்று பந்தயமே கட்டுவேன்.

நீளமான எழுத்தும் படமும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளம் இன்னமும் நல்ல இடம். அங்கே மறுபகிர்வோடு தன் வரிகளையும் சேர்த்து அனுப்புகிற பழக்கம் வேரூன்றியிருக்கிறது, பதில் பேச்சுக்கு அதைவிட வசதியான அமைப்பு இல்லை. ஆனால் அந்தத் தளம் கைமாறிக் கைமாறி வந்தது. 2018 டிசம்பரில் வயது வந்தோருக்கான படங்களை ஒரேயடியாகத் தடை செய்தபோது, சம்பந்தமே இல்லாத ஓவியங்களையும் தானியங்கி வடிகட்டி பிடித்துக்கொண்டது. கோபத்தில் பல ஓவியர்கள் கிளம்பிப் போனார்கள். நிர்வாணச் சிற்பத்தைப் பார்த்து வரைகிறவர் உங்களிடம் யாராவது இருந்தால், எந்தத் தளமானாலும் விதிகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிக்ஸல்ஃபெட் என்ற தளம் படங்களுக்கு மட்டும் என்றால் சரி, கதைக்கு ஆகாது.

ஏஐ பயத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் இந்தப் பயத்தால்தான் காரா என்ற ஓவியர் தளத்தில் இருந்த 40,000 பேர் ஒரே வாரத்தில் ஆறரை லட்சம் பேர் ஆனார்கள். பாவம், திணறிப்போனார்கள். தொடங்கியவர் புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங், சர்வர் பில் 96,000 டாலரைத் தாண்டி வந்து நின்றது. தளம் உங்கள் படத்தைப் பயிற்சிக்குக் கொடுக்காது என்று சொல்வது ஒன்று, வெளியாள் யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது என்பது வேறொன்று. புளூஸ்கை தான் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லியிருந்தும், 2024 நவம்பரில் வெளியாள் ஒருவர் அங்கிருந்த பத்து லட்சம் பொதுப் பதிவுகளைத் திரட்டித் தரவுத்தொகுப்பாக வெளியிட்டார். கூச்சல் எழுந்த பிறகே நீக்கினார். பொதுவெளியில் இருப்பதை யாரும் எடுத்துவிட முடியும், எந்தத் தளமும் அதற்குப் பூட்டுப் போட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கிளேஸ் என்ற இலவச மென்பொருள், ஓவியரின் பாணியைக் கற்றுக்கொள்வதைக் குழப்புவதற்காகப் படத்தில் நுண்ணிய மாற்றங்களைச் செய்கிறது. ஓரளவு உதவும், கவசம் என்று நம்பிவிடாதீர்கள். முழு அளவுப் படத்தை, உறுப்பினர்கள் மட்டும் நுழையும் பூட்டிய அறையில் வைத்து, வெளியே சின்ன அளவில் காட்டுவது அதைவிட எளிய வழி.

அப்புறம், தளம் செத்துப்போகும் விஷயம். 2014-இல் விளம்பரமே வைக்க மாட்டோம் என்ற பிரகடனத்தோடு எல்லோ (Ello) என்ற சமூகத் தளம் வந்தது, பிறகு ஓவியர்கள், வடிவமைப்பாளர்களின் இடமாக மாறியது. 2023-இல் ஒருநாள் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வருடத்துப் படைப்புகள் போயின. 2022-இல் திறந்த கோஹோஸ்ட் என்ற தளமும் 2024-இல் மூடப்பட்டது. ஆனால் அவர்கள் முன்கூட்டியே சொல்லி, பதிவுகளை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்து மூடினார்கள். பெரிய இடம் என்றால் பத்திரம் என்றும் இல்லை. ஒருகாலத்தில் பெரிய சமூகத் தளமாக இருந்த மைஸ்பேஸ் தன் பன்னிரண்டு வருடத்துப் பாடல்களை, 2015 வரை ஏற்றியவற்றை, சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது.

எந்தத் தளத்தைத் தொட்டாலும் முதல் நாளே 'என் பதிவுகளை டவுன்லோட் செய்' என்ற பொத்தான் எங்கே என்று தேடுங்கள். தேடினால் மட்டும் போதாது, அழுத்திப் பாருங்கள். வருகிற கோப்பைத் திறந்து, படங்கள் உள்ளே இருக்கின்றனவா, எதற்கு யார் பதில் எழுதினார்கள் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. இதைப் பழைய குழுவிலும் இந்த வாரமே செய்யுங்கள். ஏழு வருடத்து வேலை அது. ஆனால் படங்களும் கதைகளும் உறுப்பினர்களுடையவை. குழுவின் பெயரில் வேறு இடத்தில் சேமிப்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் எடுத்துவைத்துவிட்டு ஏஐ கம்பெனிகளைத் திட்டினால் நன்றாக இருக்காது. கூடவே, விருப்பமுள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை எந்தத் தளம் மூடினாலும் அடுத்த வெள்ளிக்கிழமைச் சொல்லை அனுப்ப அது போதும்.

சொந்த இடம் கட்டியே தீருவேன் என்று கிளம்பி ஜெயித்தவர்களும் உண்டு. 2007-இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது, பிடித்த நாவல், சினிமாப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளைக் கொண்டு காசு பார்க்கச் சில கம்பெனிகளும் அதே காலத்தில் கிளம்பின. நொந்துபோன ரசிக எழுத்தாளர்கள் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கி, 2009-இல் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தைத் திறந்தார்கள். நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும்தான் இன்றும் ஓடுகிறது, 2019-இல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதுகூட வாங்கியது. ஆனால் அவர்களிடம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள், வக்கீல்கள், கணக்கு வழக்குப் பார்ப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். உங்களிடம் இருப்பது நீங்கள் இரண்டு பேர்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன்: சனி ஞாயிறு வேலைக்கு, டிஸ்கார்ட் என்ற குழு அரட்டைத் தளத்தில் ஒரு பூட்டிய அறை. மன்ற வடிவச் சேனல் (ஃபோரம்) ஒன்றை அமைத்து, ஒவ்வொரு படைப்புக்கும் தனி உரையாடல் இழை. பதில் எழுதுகிறவர்களுக்கு அது கைக்குப் பழகிய அமைப்பு, வந்த பதிலும் மற்றதோடு கலந்து அடித்துக்கொண்டு போகாது. இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2,000 எழுத்து, அங்கே கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு, ஆகவே உங்கள் கதைகள் நூலிழையில் அடங்கும். கொஞ்சம் வழிந்தால் இரண்டாவது செய்தியாகப் போடட்டும். குறை இரண்டு. உள்ளே நடப்பது வெளி உலகத்துக்கும் தேடுபொறிக்கும் தெரியாது. முழுச் சர்வரையும் ஒரே பொத்தானில் டவுன்லோட் செய்யவும் முடியாது, மாதம் ஒருமுறை நீங்கள்தான் படைப்புகளைச் சேமித்துவைக்க வேண்டும். வெளி உலகத்துக்காகப் புளூஸ்கையில் ஒரு கணக்கும் ஃபீடும், திங்கட்கிழமைப் பொறுக்குமணிகளுக்கு. இது பிடிக்காவிட்டால், கதைக்காரர்களுக்காக டம்ளரில் இதே ஆறு வாரத்தை இன்னொரு சுற்று ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் மூன்று தளத்தில் கால் வைக்காதீர்கள்.

ஆறு வாரமும் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள். ஒரு படைப்புக்குச் சராசரியாக எத்தனை பதில் (லைக்கைச் சேர்க்காதீர்கள்), முதல் பதில் வர எத்தனை மணி நேரம், ஒரு வாரம் போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமும் போட்டார்கள். பழைய குழுவின் மூன்று மாதத் தாளிலும் இதே எண்கள் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலாவது வாரம் சுருதி இறங்கும், எல்லாக் குழுவிலும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், பயப்பட வேண்டாம். ஆறாவது வாரமும் ஏறவில்லை என்றால், அந்த எட்டுப் பேரில் யார் வருவதை நிறுத்தினார் என்று பார்த்து, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தளத்தின் பெயர் பதிலில் வராமலேகூடப் போகலாம்.